டூப்ளே சொன்னாரா, பிள்ளை சொன்னாரா?

இன்னைக்கு ஒரே ஒரு சொல்லைப் பத்திதான் பேசப் போறேன். 'என்று'.

நம்ம ஊர் ரங்கப்பிள்ளை வீதி தெரியும்ல? அந்த ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷி. 1736-இல் தொடங்கி 1761-இல் சாகும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை மெட்ராஸ் அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் எடுத்தாள்வது அதைத்தான்.

சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது. இங்கிலீஷ் பதிப்பில் டூப்ளே மேற்கோள் குறிக்குள் பேசுவார். படிக்கிறவங்க அதை அப்படியே எடுத்து 'டூப்ளே சொன்னார்' என்று எழுதிடுவாங்க. ஆனா அந்தப் பேச்சு எத்தனை கை மாறி வந்திருக்கு பாருங்க. டூப்ளே ஐரோப்பிய மொழியில் பேசினார். பிள்ளை அதைத் தமிழில் எழுதினார். மெட்ராஸ் அரசு ஒரு நகல் எடுக்க வைத்தது. பிரைஸும் ரங்காச்சாரியும், பிறகு டாட்வெல்லும் அதை இங்கிலீஷில் கொண்டு வந்தார்கள்.

மேற்கோள் குறி போட்டால், 'இது அவர் வாயிலிருந்து வந்த அதே சொல்' என்று உறுதி கொடுத்த மாதிரி. நம்ம 'என்று' அந்த உறுதியைத் தராது. சொன்ன சொல்லுக்கும் வரும், சொன்னதன் சாரத்துக்கும் வரும். காதால் கேட்ட சேதின்னா தமிழில் ஒரு 'ஆம்' போதும்: 'வந்தாராம்', 'இடிச்சாங்களாம்'. இங்கிலீஷில் அதைத் தனியா ஒரு சொற்றொடர் போட்டுத்தான் சொல்லணும். அது விடுபட்டால் கேள்விப்பட்டது கண்ணால் பார்த்ததா மாறிடும்.

இது வெறும் இலக்கண விஷயம் இல்லை. 1748 செப்டம்பர்ல, ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரம், வேதபுரீஸ்வரர் கோயிலை இடிச்சாங்க. கோயில் இருந்தது இன்றைய சம்பா கோயிலை ஒட்டி. இடித்தது உண்மை, அதுல சந்தேகமே இல்லை. நமக்கு விரிவா தெரிவது பிள்ளையின் குறிப்பு வழியாக. யார் தூண்டியது என்பதில் அவர் விரல் டூப்ளேயின் மனைவி ழான் பக்கமும் நீளுது. ஆனா அவங்க ரெண்டு பேருக்கும் ஆகாது. கனகராய முதலியார் 1746-இல் இறந்த பிறகு, தலைமைத் துபாஷி பதவி விஷயத்தில் அந்த அம்மா தனக்கு எதிராக இருந்ததைப் பிள்ளையே எழுதியிருக்கார். அதனால் பிள்ளை சொன்னது பொய்னு ஆகாது. யார் சொன்னதுன்னு நாம சேர்த்துச் சொல்லணும், அவ்வளவுதான்.

கோட் எழுதுறவங்களுக்கு 'கிட் பிளேம்' தெரியும். எந்த வரியை யார், எப்ப மாத்தினாங்கன்னு காட்டும். வரலாற்றுக்கும் அது வேணும். 'டூப்ளே சொன்னார்' என்பதற்குப் பதிலா, 'டூப்ளே இப்படிச் சொன்னதாகப் பிள்ளை எழுதுகிறார்; இது இங்கிலீஷ் பதிப்பின் வாசகம்' என்று எழுதினால் போதும். ஒரே வரிதான் கூடும்.

அந்த ஒரு வரியால இன்னொரு நல்லதும் நடக்கும். சுவரை இடிக்க ஆரம்பித்ததும் கோயில் நிர்வாகிகளும் பிராமணர்களும் ஓடி வந்து தன்னிடம் சொன்னதாகப் பிள்ளை குறித்திருக்கார். 'பிள்ளை சொல்கிறார்' என்று மட்டும் எழுதினால் அவங்க காணாமப் போயிடுவாங்க. கோயில் இடிந்த அன்னைக்கு முதல்ல வாய் திறந்தது அவங்கதான்.