ஆடைக்கோலமும் அளவையும்

ஒரு பொருளை உள்ளவாறு உணர்தற்குக் காட்சி, கருதல், உரை என்னும் அளவைகள் மூன்றும் வேண்டும் என்பது சித்தாந்த நூலோர் துணிபு. அவை பதி பசு பாசங்களை ஆராய்தற்கே உரியன என எண்ணற்க. நம் மகளிர் உடுக்கும் சேலையின் கோலங்களுக்குப் பொருள் காணுமிடத்தும் அவையே துணையாவன. அவற்றை விடுத்துக் கண்ட உருவிற்கெல்லாம் தத்துவம் உரைத்தல் அன்பின் வழிப்பட்டதேயாயினும் அறிவின் வழிப்பட்டதன்று. இதனைத் திண்டுக்கல் நாட்டு ஆடைகொண்டு சிறிது ஆராய்வாம்.

திண்டுக்கல் 1985-ஆம் ஆண்டுவரை மதுரை மாவட்டத்துள் அடங்கியிருந்தது. அதன் சமவெளியிலுள்ள சின்னாளபட்டி சுங்குடிச் சேலைக்குப் பேர்பெற்ற ஊர். 19-ஆம் நூற்றாண்டில் மதுரைச் சௌராட்டிரர் கையில் சிறந்து விளங்கிய கலை அது.

முதற்கண் காட்சி. சுங்குடி செய்வோர் வெள்ளைத் துணியை மடித்துக் குறியிட்டு, குறிதோறும் நகத்தாற் கிள்ளியெடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிவர். சாயத்தில் தோய்த்து உலர்த்தி முடிச்சவிழ்த்தவழி, நூல் சுற்றிய இடம் சாயம் பற்றாது வெண்புள்ளியாய் நிற்கும். எனவே அப்புள்ளி மேலே எழுதப்பட்டதன்று. சாயத்தினின்று காக்கப்பட்ட துணியின் இயல்பு நிறமேயாம். செந்நிறத்திற்குப் பண்டு சாயவேர் பயன்பட்டது. அவ்வேரிலுள்ள அலிசரின் என்னும் சாயப்பொருளைச் செருமானிய வேதிநூலார் 1868-இல் செயற்கையாக ஆக்கினர். அந்நூற்றாண்டு முடியுமுன் அது நம் சாயத்தொட்டிகளிலும் புகுந்தது. சாயம் மாறியும் புள்ளி மாறிற்றில்லை. அதன் வடிவு முடிச்சால் வந்ததாகலின். இத்தொழிலை நோக்காது அதனை விந்து தத்துவம் என விரித்துரைப்பின், அது காட்சியைக் கடந்து செல்லுதலாம்.

இனிக் கருதல். புகை கண்டு நெருப்புண்மை துணிதற்கு இரண்டற்கும் உள்ள தொடர்பு முன்னறியப்படல் வேண்டும். சேலைத் தலைப்பில் நுனி வளைந்து நிற்கும் மாங்காய் உருவைக் காண்போம். அன்பர் ஒருவர் அதனைக் காரைக்காலம்மையார் மாங்கனி எனக் கருதக்கூடும். ஆயின் அவ்வுரு காச்மீரச் சால்வைகளிற் பூஞ்செடி வடிவினின்று படிப்படியே திரிந்து அமைந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அச்சால்வைகளைப் பார்த்து நெய்த ஸ்காத்துலாந்து நாட்டுப் பெய்ஸ்லி நகரின் பெயரையே மேனாட்டார் அதற்கு இட்டனர். நம் நெசவாளர் மாங்காய் என்றனர். உரு ஒன்று, பெயர் பல. ஒப்புமை ஒன்றே ஏதுவாகாது என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது உரை, ஈண்டு நெய்தோர் வாய்மொழி. தமிழ்நாட்டுச் சேலைகளில் உருத்திராக்கக் கரை, கோபுரக் கரை என வழங்குவன உள. இப்பெயர்கள் தொழில்செய்வோர் வழக்கிலேயே நிற்பன. ஆதலின் அவ்விடத்துச் சைவப்பொருள் கூறுதல் தடையின்றி அமையும். சான்றுள்ளவிடத்து உறுதியாகச் சொல்லும் உரிமை, சான்றில்லாவிடத்து அடங்கியிருப்பார்க்கே உரியது.

உரை அழியின் நேரும் இழப்பு சிறிதன்று. அடியார்க்குநல்லார் துகில்வகைகளைத் தொகுத்துரைக்குமிடத்து நூல்யாப்பு என ஒரு பெயர் காணப்படுகின்றது. நூலாற் கட்டிச் சாயமேற்றியது அது எனக் கருத இடமுண்டு. விளக்கம் உடன் நில்லாமையின் துணிதற்கில்லை. 1866-இல் போர்ப்ஸ் வாட்சன் என்பார் இந்தியத் துணிமாதிரிகள் 700 தொகுத்து, 18 தொகுதிகளாக அமைத்தார். ஆங்கிலநாட்டு ஆலையினர் பார்த்துச் செய்தற்கே அவை பெரிதும் உதவின. துணி நிலைத்தது, எனினும் வெட்டிய துண்டில் உடலும் கரையும் தலைப்பும் தம்முள் இயைந்த முழுமை புலப்படாது.

இந்நாளில் மெழுகச்சுப் புள்ளிகளே சுங்குடியிற் பெருகின. முடிச்சிடும் முதுமகளிர் குறைந்து வருகின்றனர். ஆகலின், பழம்பெட்டியிற் சேலை ஒன்று காணும் அன்பர்கள், அதற்கு நாமே பொருள் படைத்தல் தவிர்ந்து, கரைக்கும் கோலத்திற்கும் வழங்கிய பெயரை வீட்டு முதியோரிடமும் நெசவாளரிடமும் கேட்டு ஏட்டில் எழுதி வைப்பாராக. உரைப்போர் உள்ளபோதே உரையளவை கிடைக்கும். அவர் மறைந்தபின் எஞ்சுவது ஊகமே.