ஜின் மதுவும் நறுமணச் சரக்குகளும்

மேனாட்டு மது வகைகளுள் ஜின் என்பது ஒன்று. ஜூனிப்பர் என்னும் செடியின் பெயரே இதற்கு அடிப்படை. 'ஜூனிப்பெருஸ்' என்னும் இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக டச்சு மொழியிற் புகுந்து 'யெனேவர்' ஆயிற்று. ஆங்கிலேயர் நாவில் அது 'ஜின்' எனக் குறுகியது. ஜெனீவா நகருக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை.

தானியச் சாராயத்தில் ஜூனிப்பர்க் கனிகளை இட்டு மீண்டும் வடிப்பதே ஜின். கொத்துமல்லி விதை, ஏலம், இலவங்கப்பட்டை, வால்மிளகு ஆகியவற்றையும் சேர்ப்பதுண்டு. வால்மிளகு சாவகத்தில் விளைவது. தமிழ் மருத்துவரும் நன்கறிந்த சரக்கு. 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இத்தகைய சரக்குகளை ஐரோப்பாவிற் கொண்டுபோய்க் குவித்தது.

ஒல்லாந்து நாட்டு வில்லியம் 1689இல் இங்கிலாந்தின் அரசரானார். உள்நாட்டுத் தானியத்திலிருந்து சாராயம் வடிப்பதை 1690ஆம் ஆண்டுச் சட்டம் ஊக்கியது. இலண்டனில் ஜின் மிக மலிந்தது. நல்ல சரக்குச் சேர்க்க வசதியற்றோர் கர்ப்பூரத் தைலத்தையும் கந்தகத் திராவகத்தையும் கலந்து விற்றனர். அதைக் குடித்து அழிந்தவர் பெரும்பாலும் ஏழைகளே.

1736இல் கடுஞ்சட்டம் ஒன்று பிறந்தது. சில்லறை விற்பனைக்கு ஆண்டு உரிமக் கட்டணம் 50 பவுன். காலன் ஒன்றுக்கு வரி 20 ஷில்லிங். உரிமம் பெற்றோர் மிகச் சிலரே. கள்ள விற்பனையோ பெருகியது. காட்டிக்கொடுத்துப் பரிசு பெற்றோரை மக்கள் தெருவில் தாக்கினர். 1743இல் அச்சட்டம் கைவிடப்பட்டது. 1751இல் வந்த சட்டம் வேறு வழியிற் சென்றது. வடிப்போர் தாமே சில்லறையாக விற்பதைத் தடுத்து, கடைகளை ஒழுங்குபடுத்தியது. ஹோகார்த் என்னும் ஓவியர் 'ஜின் சந்து' என்னும் படத்தை வெளியிட்டதும் அவ்வாண்டே. 1757இல் விளைச்சல் குன்றவே, தானியத்தில் வடிப்பதும் சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டது. இவற்றால் குடி தணிந்தது.

1830இல் ஈனியஸ் காபி என்பார் புதிய வடிகலத்துக்கு உரிமை பெற்றார். சாராயம் தூய்மையுற்றது, தீநாற்றத்தை மறைக்க வேண்டிய தேவை குறைந்தது. மறைப்பாக நின்ற மணம் சிறப்பாக மாறியது. இன்று சிறு வடிசாலைகள் மிளகும் வால்மிளகும் மிகுதியாக இட்டு 'ஸ்பைசி ஜின்' வடிக்கின்றன.

அச்சொல்லைக் காரம் எனப் பெயர்த்தல் பொருந்தாது. மிளகுக்குக் காரம் தரும் பைப்பரின் ஆவியாகி வடிவதில்லை. நறுமண எண்ணெயே வடிகிறது. நாவில் உணரும் சூடு சாராயத்தினுடையது. ஆதலின் சுவை தேர்வோர் முதலில் முகர்வர். பின்னர்ச் சிறிது நீர் கலந்து நாவில் இடுவர். மிகக் குளிர்ந்தால் மணம் அடங்கும். பரிமாறுங்கால், கொயினாவின் கசப்புடைய டானிக் நீரும் ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பர். மலாயாவில் இருந்த துரைமார் கசப்புச் சாரம் சேர்த்து 'ஜின் பாஹிட்' என அருந்தினர். பாஹிட் என்பது மலாய் மொழியில் கசப்பு.

செல்வர் கிண்ணத்தில் மணக்கும் இம்மது, ஒரு காலத்தில் ஏழையின் குடிசையைக் குலைத்தது. வெறும் தண்டத்தால் அது ஒழியவில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடைகளையும் கள்ளச் சம்சுவையும் கண்ட மலாயாத் தமிழருக்கு இலண்டன் வரலாறு அயலார் கதையன்று.