கொற்கையின் கடலும் இமாம் கஸ்ஸாலியின் ஐயமும்

"ஹஜ்ரத், இந்த துன்யாவே ஒரு கம்ப்யூட்டர் கேம்னு வச்சுக்கிட்டா, நாளைக்குக் கேள்வி கணக்கு யாருக்கு?" மேட்ரிக்ஸ் படம் பார்த்துவிட்டு வந்த மாணவர் ஒருவர் பாடத்தின் நடுவே கேட்டார். மற்றவர்கள் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

1999இல் வெளிவந்த அப்படத்துக்கு முன்பே, 1964இல், தன் நகரமே கணினிக்குள் இயங்குவதை ஒருவன் கண்டறியும் நாவலை அமெரிக்கரான டேனியல் கலூயி எழுதினார். ஆனால் இந்த ஐயத்தின் வயது அதைவிட மிக அதிகம். ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) வஃபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், 'அல்முன்கித் மினழ் ழலால்' எனும் தன்வரலாற்று நூலில் அதைப் பதிந்துள்ளார்கள். நிழல் அசையாதிருப்பதாகக் கண் சொல்கிறது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. கனவில் கண்டவை விழித்ததும் பொய்யாகின்றன. விழிப்பும் இன்னொரு கனவாயின்? இவ்வையம் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அவர்களை வாட்டிற்று. விடுதலை கிடைத்தது வாதத்தால் அன்று, அல்லாஹ் கல்பில் இட்ட ஒளியால் என்கிறார்கள்.

நிழல் உவமையை விளக்க மாணவர்களைக் கொற்கைக்கு அழைத்துச் சென்றோம். பாண்டியரின் முத்துத் துறைமுகம் அது. கிரேக்க மாலுமிகளும் அறிந்திருந்த பெயர். இன்று அங்கே நிற்பவர் காண்பது வயலும் வாழையுமே. தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கடலைப் பல கிலோமீட்டர் அப்பால் தள்ளிவிட்டது. வணிகம் பழையகாயலுக்குப் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் கப்பல்கள் குதிரைகளுடன் அங்கு வந்ததை எழுதிவைத்தார். பின்னர் அதுவும் தூர்ந்தது. எந்தத் தலைமுறையும் கடல் நகர்வதைக் கண்ணால் கண்டிராது. ஆயினும் 1968இல் தொல்லியல் துறை தோண்டியபோது பழங்கொற்கையின் தடயங்கள் வெளிப்பட்டன. கண் தவறியதால் உண்மை இல்லாமற் போய்விடவில்லை.

கேள்வி கணக்குக்கு நாம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைத்தான் எடுத்தோம். (மதரஸாவில் நாவலா என்று சிலர் முகம் சுளிக்கலாம்.) அதில் 2021இன் நாட்டை ஆளும் ஜீவா, ஒளியால் உண்டாக்கிய வெறும் பிம்பம். ஆனால் அப்பிம்பத்தின் பெயரால் பறிக்கப்பட்ட உயிர்கள் பிம்பமல்லவே! அந்த ஆணைகளை நிறைவேற்றிய கைகள் யாருடையவை என்று கேட்டோம்.

மாணவர் பதில் சொல்லவில்லை. வரப்பில் கிடந்த சங்குத் துண்டொன்றை எடுத்து, மண்ணைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.