றெடிசும் அதன் மென்னுறைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினியியலின் வரலாற்றை எழுதுவோர் பெரும் இயந்திரங்களையும் பெரு நிறுவனங்களையுமே பெரிதும் கருத்திற் கொள்வர். அவற்றை ஒன்றோடொன்று பேசவைத்த சிறு நிரல்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. ஆயின், ஒரு தொழில்நுட்பம் யாருடைய உடைமை என்னும் வினா எழும்போது அச்சிறு நிரல்களின் பெறுமதி புலனாகின்றது. றெடிஸ் என்னும் தரவுக் களஞ்சியத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தரவுகளை வட்டில் எழுதி, வேண்டும்போது மீட்டெடுப்பதே நெடுங்கால வழக்கு. நினைவகத்தை நாடுவதிலும் வட்டை நாடுவதற்குப் பன்மடங்கு நேரம் செல்லும். எனவே, 2003இல் பிராட் ஃபிற்ஸ்பற்றிக் ஆக்கிய மெம்காஷ்டி, அடிக்கடி வேண்டப்படும் விடைகளை நினைவகத்திலேயே வைத்தது. ஆயினும் ஒரு பெயருக்கு ஒரு பெறுமானம் என்ற அளவில் அது நின்றுவிட்டது. 2009இல் இத்தாலியரான சல்வத்தோரே சன்பிலிப்போ றெடிசை வெளியிட்டார். இணையத்தள வருகைகளை உடனுக்குடன் கணக்கிடும் தமது சேவைக்கு அன்றைய தரவுத்தளங்கள் ஈடுகொடாமையே அதற்குக் காரணமாயிற்று. பட்டியல், தொடை முதலிய அமைப்புகளையும் றெடிஸ் நினைவகத்திற் பேணியது.

அதனுடன் பேசும் நெறிமுறையோ மிக எளியது. ‘செற்’ எனக் கூறிப் பெயரையும் பெறுமானத்தையும் அனுப்பினால் வைத்துக்கொள்ளும். ‘கெற்’ எனப் பெயரைக் கூறினால் திருப்பித் தரும். இவ்வெளிமையினாலேயே பல்வேறு நிரல்மொழிகளில் அதற்கான தொடர்பு நூலகங்கள் விரைவில் எழுந்தன.

அதே 2009இல் றயன் டால் ஆக்கிய நோட், 1995இல் உலாவிக்கெனப் பிறந்த யாவாஸ்கிரிப்ற் மொழிக்குச் சேவையகத்தில் புதிய களமொன்றை அமைத்தது. நோட் விடைக்காகக் காத்து நிற்பதில்லை; விடை வந்ததும் இயங்கவேண்டிய சார்பை முன்னரே ஒப்படைக்க வேண்டும். பல கேள்விகள் தொடர்ந்தபோது சார்புக்குள் சார்பாக நிரல் சிக்கலுற்றது. இச்சிக்கலை மறைக்கவே தொடர்பு நூலகத்தின் மேல் போர்த்திய சிற்றுறைகள் தோன்றின. அவை பழைய முறையை ‘புறொமிஸ்’ முறைக்கு மாற்றிக் கொடுத்தன. 2015இல் அம்முறை மொழியின் நியமத்திலேயே இடம்பெற்றது; 2021இல் வெளிவந்த நோட்-றெடிஸ் நூலகத்தின் நான்காம் பதிப்பும் அதனையே தழுவியது. உறைகள் பலவற்றின் பணி அத்துடன் முடிந்தது. இதனைத் தோல்வி எனல் பொருந்தாது. அவை காட்டிய வழியே பொது வழியாயிற்று.

2024 மார்ச்சில் றெடிஸ் நிறுவனம் தன் உரிமத்தை மாற்றி, பிறர் அதனைச் சேவையாக விற்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. சில நாட்களுள் லினக்ஸ் அறநிலையத்தின் ஆதரவில், முந்தைய திறந்த பதிப்பிலிருந்து வல்கீ என்னும் கிளை பிரிந்தது. நெறிமுறை மாறாமையால், பழைய நூலகங்கள் வழியாகவே வல்கீயுடனும் பேச முடிந்தது. 2025 மே மாதத்தில் றெடிசும் திறந்த உரிமமொன்றை மீண்டும் ஏற்றது.

களஞ்சியத்தின் உரிமத்தை ஒரு நிறுவனம் மாற்றலாம். பலரும் பயின்றுவிட்ட பேச்சு முறையை அது தனித்து மீளப் பெறுதல் அரிது. பயனாளரின் சுதந்திரத்தை இங்கு காத்தவை அவ்வெளிய நெறிமுறையும், அதனைப் பேசிய சிறு நூலகங்களுமே எனலாம்.