மேய்ச்சல் நிலமும் வேலிக்காத்தானும்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டென்பதைத் தமிழ் கற்றோர் யாவரும் அறிவர். அச்செல்வத்தைப் பேணி வளர்த்தலையே குலத்தொழிலாகக் கொண்டிருந்த நம்மவர்க்கு மேய்ச்சல் நிலத்தினும் மேலான ஆஸ்தி வேறில்லை. நிலம் இருந்தும் அதில் புல் இல்லாது போமாயின், அஃது இருந்தும் இல்லாததே யாகும். அங்ஙனம் புல் அழிந்த வரலாற்றையும், ஒருமுறை அது மீண்ட வரலாற்றையும் நம் சங்கத்தார்க்கு எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

பள்ளிக்கரணைச் சதுப்பை நம் பெரியோர் கழுவெளி என்றே வழங்கினர். ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலுள்ள ஏரிகளின் வடிநீர் இங்கு வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் கழிமுகத்தை அடைந்து கடலிற் கலக்கின்றது. மாரிக்காலத்தில் அது பறவைகளுக்கு உரியது; கோடையில் நீர் வடிந்தபின் அதன் விளிம்பெல்லாம் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் உரியது. முன்னர் 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்டிருந்த இவ்வெளி, குப்பை மேட்டாலும் கட்டடங்களாலும் சுருங்கிய கதையை நம்மவர் கண்ணாரக் கண்டிருக்கின்றனர். எஞ்சிய கரைகளை இன்று வேலிக்காத்தான் என்னும் சீமைக் கருவேலும், நீர்ப்பரப்பை ஆகாயத்தாமரையும் பற்றிக்கொண்டிருக்கின்றன. குப்பையைக் கொட்டியவர் பிறர் என்று நாம் சொல்லலாம். முள்ளைப் பற்றி அவ்வாறு முழுதும் சொல்லிவிட முடியாது.

முள் நம் நிலத்தைக் கவர்ந்தது இதுவே முதன்முறையன்று. இதற்கு முன் நாகதாளி என்னும் சப்பாத்திக்கள்ளி தென்னாட்டு மேய்க்கால்களை அடைத்துக்கொண்டிருந்தது. அதுவும் அமெரிக்க கண்டத்துச் செடியே. அதன் கதையின் ஒரு பகுதி, பள்ளிக்கரணைக்கு வடக்கே ஒரு காத தூரத்திற்குள் இருக்கும் சைதாப்பேட்டையில் நிகழ்ந்தது. அக்காலத்தில் ஐரோப்பியர் பெரிதும் விரும்பிய கருஞ்சிவப்புச் சாயம், மெக்ஸிகோ நாட்டுக் கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து கிடைத்தது. அவ்வியாபாரம் ஸ்பானியர் கையில் இருந்தது. அதை எப்படியேனும் பெற விரும்பிய கும்பினியார், சென்னையின் தலைமை வைத்தியராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனின் முயற்சியால் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்று அமைத்தனர். 1795-ல் பிரேஸிலிலிருந்து பூச்சியும் இந்தியாவிற்கு வந்தது. ஆனால் வந்தது உயர்ந்த சாயப்பூச்சி அன்று. வேறொரு தாழ்ந்த ஜாதி. சாய வியாபாரம் பலிக்கவில்லை. ஆயினும், அப்பூச்சி ஒரு வகைக் கள்ளியைத் தின்று அழித்தது. அதுகண்டு 1836 முதல் 1838 வரை அதனைத் தென்னாட்டில் வேண்டுமென்றே பரப்பினர். களையை ஒழிக்கப் பூச்சியை ஏவும் முறைக்கு உலகத்தில் முதல் உதாரணங்களுள் ஒன்றாக இதனைச் சாஸ்திரிகள் குறிப்பிடுகின்றனர்.

எனினும், நாகதாளியை அப்பூச்சி தீண்டவில்லை. வேலிக்கென நட்ட அது, வேலியைத் தாண்டி மேய்ச்சல் நிலங்களிற் புகுந்தது. வெட்டிய துண்டு விழுந்த இடமெல்லாம் வேர்விட்டது. வெட்டுவோர் கை ஓய்ந்ததே யன்றிக் கள்ளி ஓயவில்லை. முடிவில் 1926-ல் அந்நாகதாளிக்கே உரிய மற்றொரு பூச்சி இலங்கையிலிருந்து சென்னை மாகாணத்திற்குக் கொணரப்பட்டது. ஐந்தாறு வருஷங்களுக்குள் ஏறக்குறைய 40,000 ஹெக்டேர், அதாவது ஒரு லட்சம் ஏக்கர் நிலம் கள்ளியினின்று விடுபட்டது. பஞ்சு ஒட்டினாற்போல் வெண்மை படர்ந்து கள்ளி சாய்ந்ததை நம் பாட்டன்மார் வியந்து கூறுவர்.

வேலிக்காத்தானின் கதையும் இதனை ஒத்ததே. விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் கருதி, 1877-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வனத்துறையார் அதன் விதையை ஜமெய்க்காவிலிருந்து தருவித்தனர். பின்னர்ச் சர்க்கார் விதைத்தது. ஜனங்களும் வேலிக்கு நட்டனர். நோக்கம் நல்லதே. ஆனால் மாடு அதன் இலையைத் தொடாது; இனிப்புள்ள காயை மட்டும் விரும்பித் தின்னும். உள்ளே சென்ற விதை செரிக்காமல் சாணத்தோடு வெளிப்பட்டு, சாணத்தையே எருவாகக் கொண்டு முளைக்கும். ஆகவே, நம் மந்தை சென்ற வழியெல்லாம் அம்மரம் சென்றது. நம் மாடுகளே தம் புல்லுக்குப் பகையை விதைத்தன, நாமும் பார்த்திருந்தோம்.

நாகதாளிக்குப் பூச்சி கிடைத்தாற்போல இதற்கும் கிடைக்காதோ என்று அன்பர்கள் வினவலாம். தென்னாப்பிரிக்காவில் 1987 முதல் விதையை மட்டும் தின்னும் வண்டுகளை விட்டுப் பார்த்தனர். அங்கும் அம்மரத்தின் காய் தீவனமாகவும் கட்டை விறகாகவும் பயன்படுதலால், மரத்தையே கொல்லும் பூச்சியை முதலில் நாடவில்லை. நம் நாட்டிலோ, கோயில்களில் ஸ்தல விருட்சமாக விளங்கும் வன்னி இதன் நெருங்கிய உறவு. ஒன்றைத் தின்னும் பூச்சி மற்றொன்றை விடுமோ என்று அஞ்சவேண்டியிருக்கின்றது. ஆதலால், இம்முறை நமக்குத் துணை மண்வெட்டியும் பொறுமையுமே.

2017-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற உத்தரவிட்டது. அவ்வாண்டிலேயே, ஆராய்ந்து செய்க என்று அவ்வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. 2022-ல் தமிழ்நாட்டு அரசு அந்நியக் களைச்செடிகள் பற்றித் தனிக் கொள்கை வகுத்தது. அதே ஆண்டில் பள்ளிக்கரணை சர்வதேச ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. 2007-லேயே சதுப்பின் 317 ஹெக்டேர் காப்புக்காடாயிற்று. ஆகவே, அங்கே வனத்துறையின் அனுமதியின்றி ஒரு கிளையும் வெட்டலாகாது. நம்மவர் செய்யத்தக்கது, நம் சொந்த நிலங்களிலும், அனுமதி பெற்றுப் பொது நிலங்களிலுமேயாம்.

வெட்டினால் மட்டும் மரம் சாகாது. அடிக்கட்டையிலிருந்து முன்னிலும் அடர்ந்து தழைக்கும். மழை பெய்து மண் இளகியபோது வேரோடு கல்லி எடுத்தல் வேண்டும். காய் முற்றுமுன் செய்தல் நலம். அடுத்த இரண்டு மூன்று வருஷங்கள் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். வெறுமனே விட்ட நிலத்தில் வேறொரு களை வந்து குடியேறும். ஆகவே அறுகு முதலிய புல்லை உடனே வளர்த்தல் வேண்டும். நாட்டுக் கருவேலையும் வன்னியையும் சீமைக் கருவேலென்று மயங்கி வெட்டிவிடாதிருக்க, அறிந்த முதியோர் ஒருவரை முன்னிறுத்துதல் அவசியம். அவ்விறகை நம்பி அடுப்பெரிக்கும் ஏழைத் தாய்மாரையும் மறத்தலாகாது. வெட்டிய விறகில் முதற்பங்கு அவர்களுக்கே உரியது.

இவ்வளவு பாடு எதற்கு, மாடு வைத்திருப்போர் இன்று எத்தனை பேர் என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. தொழுவத்தை இடித்து வாடகை வீடு கட்டியோர் நம்முள் பலர். ஆயினும், இன்னும் விடியுமுன் பால் கறந்து பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் மாடுகள் புல்லின்றிக் குப்பையை மேய்வதைக் காணும்போது, அது பிறர் வீட்டுக் காரியம் என்று நாம் ஒதுங்குவது தகுமோ? அன்று கள்ளியை ஒழிக்கக் கடல் கடந்து பூச்சி வந்தது. இன்று வரவேண்டியது நம் கைகளே. வரும் மாரிக்கு முன் ஒவ்வோர் ஊர்க் கிளையும் கூடி இதனை ஆலோசிக்குமாறு சங்க அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.