வட்டு நகலாக்கமும் வேகச் சீரமைப்பும்: வரலாறு

ஒரு கணினியின் வட்டில் எழுதப்படும் தரவை உடனுக்குடன் வேறொரு கணினியின் வட்டிலும் எழுதிவைப்பது வட்டு நகலாக்கம் எனப்படும். மெய்நிகராக்க சர்வர்களில் இதன் தேவை மிகுதி. ஒரே எந்திரத்துக்குள் இருபது மெய்நிகர்க் கணினிகள் இயங்கினால், அந்த எந்திரம் நிற்கும்போது இருபதும் சேர்ந்தே நிற்கும்.

பத்திரப் பதிவு செய்தவர்களுக்கு இது புதிதல்ல. 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, பத்திரத்தைப் பதிவுப் புத்தகத்தில் படியெடுத்து முடித்த பிறகே மூலம் உரியவர் கைக்குத் திரும்பும். கையால் படியெடுத்த காலத்தில் குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாயியும் அதற்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். படியெடுத்து முடியும்வரை காத்திருப்பதா, முன்பே வாங்கிக்கொண்டு புறப்படுவதா என்பதே கணினியிலும் கேள்வி.

தோற்றம்

ஒரே எந்திரத்துக்குள் பல வட்டுகளில் தரவைக் காக்கும் 'ரெய்டு' முறைகளை பெர்க்கிலியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988 இல் ஒரு கட்டுரையில் வகைப்படுத்தினர். எந்திரமே பழுதானால் அது உதவாது. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிலிப் ரெய்ஸ்னர் தம் பட்டய ஆய்வுக்காக உருவாக்கிய டி.ஆர்.பி.டி. என்ற லினக்ஸ் மென்பொருள், வலையமைப்பு வழியாக இரு எந்திரங்களின் வட்டுகளை இணைத்தது. 2010 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.33 பதிப்பில் அது கர்னலின் பகுதியானது.

இடையில் மெய்நிகராக்கம் வளர்ந்தது. கேம்பிரிட்ஜில் பிறந்த ஜென் 2003 இல் அறிமுகமானது; கே.வி.எம். 2007 இல் லினக்ஸ் கர்னலில் சேர்ந்தது. அதே ஆண்டில் கூகுள் வெளியிட்ட கனெட்டி, மெய்நிகர்க் கணினிகளின் வட்டுகளை இரு சர்வர்களில் வைக்க டி.ஆர்.பி.டி.யையே பயன்படுத்தியது.

மூன்று நெறிமுறைகள்

'சி' நெறிமுறையில் இரு வட்டுகளிலும் எழுதி முடிந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. 'பி' யில் மறுபக்க நினைவகத்துக்குத் தரவு போய்ச் சேர்ந்தால் போதும். 'ஏ' யில் தன் வட்டில் எழுதி, அனுப்பும் வரிசையில் சேர்த்துவிட்டாலே முடிந்தது. வேகம் வேண்டுமென்று 'ஏ' க்கு மாறச் சொல்வோர் உண்டு. வரிசையில் நிற்கும்போது எந்திரம் விழுந்தால் அந்தத் தரவு மறுபக்கம் போய்ச் சேர்ந்திருக்காது. பணப் பரிமாற்றம் நடக்கும் இடத்தில் இதை நான் ஒப்பமாட்டேன்.

வேகத்தைக் கூட்டுதல்

நெறிமுறையை மாற்றாமலே செய்யக்கூடியவை பல. டி.ஆர்.பி.டி. வட்டை 4 மெகாபைட் பகுதிகளாகப் பிரித்து, அண்மையில் எழுதப்பட்ட பகுதிகளுக்கு ஒரு பதிவேடு வைக்கிறது. பதிவேட்டில் இல்லாத பகுதியில் எழுத வேண்டுமானால் முதலில் பதிவேட்டைத் திருத்தியாக வேண்டும். இருபது கணினிகள் ஆளுக்கோர் இடத்தில் எழுதும்போது இந்தத் திருத்தமே பெருஞ்சுமையாகிறது. ஆகவே பதிவேட்டின் இயல்பு அளவு பழைய 127 பகுதிகளிலிருந்து பிற்காலத்தில் 1237 ஆக உயர்ந்தது.

இணைப்பு அறுந்து மீண்டால், விடுபட்டதை ஈடுசெய்யும் மறுஒத்திசைவு நடக்கும். அதற்குக் கிடைக்கும் வேகத்தில் சுமார் 30 விழுக்காடு ஒதுக்குவது வழக்கம். நொடிக்கு 110 மெகாபைட் செல்லும் கிகாபிட் இணைப்பில் இது 33 மெகாபைட். ஒரு டெராபைட் முழுவதையும் அனுப்ப எட்டு மணி நேரத்துக்கு மேலாகும். அதிகம் ஒதுக்கினால் அன்றாட வேலை தவிக்கும்.

வட்டில் உண்மையில் எழுதியாயிற்றா என்று உறுதிசெய்யும் கட்டளையை நிறுத்திவைப்பது இன்னொரு வழி. வேகம் கண்கூடாகக் கூடும். ஆனால் வட்டுக் கட்டுப்பாட்டு அட்டையில் பேட்டரி இருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம். 2012 வாக்கில் மணிக்கணக்கில் மின்வெட்டைக் கண்ட நம் மாவட்டத்தாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தூரம்

எவ்வளவு சீரமைத்தாலும் ஒளியின் வேகத்தை மாற்ற முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்கிறது. தமிழ்நாட்டின் மாநிலத் தரவு மையம் சென்னைப் பெருங்குடியில் உள்ளது. பேரிடர் மீட்பு மையம் திருச்சியில். இடைவெளி 300 கி.மீ. என்று கொண்டாலும் போய்வர 3 மில்லிநொடி. அந்த இடைவெளியில் 'சி' நெறிமுறையை வைத்தால், ஒன்று முடிந்து அடுத்தது எழுதும் நிரலுக்கு நொடிக்கு 333 எழுத்துகளுக்கு மேல் கிட்டாது. ஒரே அறையில் அடுத்தடுத்து நிற்கும் இரு சர்வர்களுக்கு இந்தத் தடை இல்லை. இதனால்தான் அருகிலுள்ள சர்வருக்கு 'சி' யும், தொலைவிலுள்ள மையத்துக்கு 'ஏ' யும் என்று பிரித்து அமைக்கும் வழக்கம் வந்தது.