குட்டி பாய்லர்களின் சண்டை

கரி இன்ஜின் ஓடிய காலத்தைப் பார்த்தவர்கள் நாம். அதே போல நிஜமான நீராவியில் ஓடும் குட்டி இன்ஜின்களும் உண்டு. அவற்றின் பாய்லரை எதைக் கொண்டு சூடாக்குவது என்று 1920களில் இங்கிலாந்தில் ஒரு சண்டையே நடந்தது.

அப்போது சின்ன இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் ஸ்பிரிட் விளக்குதான். புகழ்பெற்ற பாசெட்-லோக் நிறுவனமும் அந்தக் கட்சி. அவ்வளவு சிறிய அடுப்பில் நிலக்கரி நின்று எரியாது என்று பலரும் நம்பினார்கள்.

1922-ல் 'மாடல் இன்ஜினியர்' பத்திரிகையில் ஒருவர் இதை மறுத்து எழுதினார். புனைபெயர் எல்.பி.எஸ்.சி. இளமையில் அவர் வேலை பார்த்த லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் தலைப்பெழுத்துகள் அவை. கர்லி லாரன்ஸ் என்று அழைக்கப்பட்டவர். பெரிய இன்ஜினின் பாய்லரையே சிறிதாகச் செய்யுங்கள், கரி தானாக எரியும் என்பது அவர் வாதம்.

காரணம் எளிது. வேலை முடிந்த நீராவி 'குப் குப்' என்று புகைபோக்கியில் பீறிடும்போது, அடுப்பின் வழியே காற்றை இழுக்கிறது. பாரம் கூடினால் இழுப்பும் கூடும். கொல்லன் துருத்தி ஊதியது போல நெருப்பு கனியும். இன்ஜின் தன் அடுப்பைத் தானே ஊதிக்கொள்கிறது!

1924-ல் லண்டன் கண்காட்சியில் இரு தரப்பும் இன்ஜினோடு வந்தார்கள். பாசெட்-லோக்கின் 'சேலஞ்சர்' ஒரு பக்கம், லாரன்ஸின் 'ஆயிஷா' மறுபக்கம். ஆயிஷா ஓடும் தண்டவாளங்களுக்கு இடையே அகலம் 2½ அங்குலம்தான். நம் மீட்டர் கேஜில் அது 39 அங்குலத்துக்கு மேல். அந்தக் குட்டி, கரியைத் தின்றுகொண்டு ஆளையே உட்காரவைத்து இழுத்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பின் நடந்தது. வீட்டில் ஒரு சிறு லேத் வைத்திருப்பவரும் பாய்லர் செய்யும்படி, லாரன்ஸ் படிப்படியாக எழுதிக்கொண்டே இருந்தார். செம்புத் தகட்டை வளைப்பது, வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்டுவது எல்லாம் அதில் வரும்.

செய்து முடித்த பாய்லரில் உடனே நெருப்பு வைப்பதில்லை. காற்றே இல்லாமல் குளிர்ந்த நீரை நிரப்பி, பம்பு அடித்து, வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு வரை ஏற்றிச் சோதிப்பார்கள். ஒட்டு விட்டால் தண்ணீர் கசியும், அவ்வளவுதான். அதுவே நீராவியாக இருந்தால் ஆளைப் பதம் பார்த்துவிடும்.

லாரன்ஸ் 1967-ல் காலமானார். ஆளை ஏற்றிச் செல்லும் குட்டி இன்ஜின்கள் பல இன்றும் கரியில்தான் ஓடுகின்றன.